எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் எடுத்து வீடு வீடாக விற்க: புதிதாக வருபவருக்கு

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் நின்றேன். புது ஐஸ் பெட்டி, புதுத் தராசு, பையில் நான்காயிரம் ரூபாய். மீன் வெள்ளெனத்தான் வரும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போயிருந்தேன். கரையில் இரண்டு நாயும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன. படகுகள் வெளியே கடலில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே வரவில்லை. ஏழாயிற்று, எட்டாயிற்று. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டேன். "தண்ணி வத்திக்கினு போவுது தம்பி. ஏறனாத்தான் போட்டு உள்ள வரும். காலண்டர் பாத்துட்டு வர மாட்டியா?" என்றார்.

மீன் கைக்கு வந்தபோது பத்தரை. திருவொற்றியூர் திரும்புவதற்குள் பன்னிரண்டு. வாங்குவதாகச் சொன்ன வீடுகளிலெல்லாம் அதற்குள் வேறு குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எட்டுக் கிலோ கவளையை அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்தேன். அதற்குப் பிறகும் பல தப்புகள் செய்தேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஒருவர் அதே தப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய கடை வைப்பவருக்கு இது உதவாது. ஒரு பைக், ஒரு பெட்டி, முப்பது நாற்பது வீடு என்று தொடங்குகிறவருக்கானது.

1. தண்ணீர்க் கணக்கு

நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை எட்டு மணிக்கு ஏற்றம் என்றால் நாளை எட்டு ஐம்பது. ஒரு வாரம் கழித்து பிற்பகல் இரண்டு மணிவாக்கில் ஏற்றம் வரும், காலை எட்டு மணிக்குத் தண்ணீர் அடியில் கிடக்கும். பதினைந்து நாளில், அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குள், சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். அக்கா காலண்டர் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த வாயில் மணல் திட்டு கட்டிக்கொள்ளும். வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வேகமாக வெளியே ஓடும். எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை நின்று முறியும். அந்த நேரத்தில் நிறைந்த ஃபைபர் படகை உள்ளே கொண்டுவர யாரும் துணிய மாட்டார்கள். படகு கவிழ்ந்தால் மீன், வலை, எஞ்சின் எல்லாம் போகும், ஆளும் போகலாம். ஆகவே தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு வருவார்கள். கடலோர மணலில் நேரே ஏற்றும் படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆற்றுக்குள் கட்டும் படகுகளை நம்பியிருந்தால் தண்ணீர்தான் உங்கள் முதலாளி.

ஏற்ற நேரத்தை ஐதராபாத்திலிருக்கும், கடல் பற்றிய தகவல் தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் இணையதளத்தில் பார்க்கலாம். இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியல், வெளியிடுகிறது. அதில் சென்னைத் துறைமுகத்துக்கான நேரம் இருக்கும். இங்கேதான் ஒரு பொறி. அட்டவணை நேரம் துறைமுகத்துக்கானது. வாய் குறுகலாக இருக்கும் மாதங்களில் ஆற்றுக்குள் தண்ணீர் அதற்குப் பிந்தித்தான் ஏறும். எவ்வளவு பிந்தும் என்பது மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் செய்தது இதுதான்: முதல் இரண்டு வாரம் மீன் வாங்காமலே போய் நின்று, அட்டவணை நேரத்தையும் படகு வந்த நேரத்தையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். வீட்டில் சிரித்தார்கள். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கைபேசிச் செயலியும் அந்த அளவுக்கு உதவியதில்லை.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு உடையும். பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் அது கொசஸ்தலை வழியாக இங்கேதான் வந்து விழும். அப்போது ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் ஒரே திசையில் வெளியே போய்க்கொண்டிருக்கும். செய்தியில் பூண்டி என்று காதில் விழுந்தால் மறுநாள் பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

2. அமாவாசையைக் கடலும் பார்க்கும், அடுக்களையும் பார்க்கும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்ற வற்ற வேறுபாடு அதிகம். சென்னையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். அஷ்டமி, நவமி வாக்கில் அரை மீட்டர்கூட இருக்காது. வேறுபாடு அதிகமாக இருக்கும் நாட்களில் ஆற்றில் நீரோட்டம் கடுமையாக இழுக்கும். எறா அந்த ஓட்டத்தோடு நகரும். வலையில் எறா நிறைவதும் அந்த நாட்களில்தான்.

ஆனால் அமாவாசை அன்று நம் வீடுகளில் பாதிப் பேர் மீன் தொட மாட்டார்கள். பௌர்ணமி, கிருத்திகை, வெள்ளி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. எறா கொட்டும் நாளில் வாங்க ஆளில்லை என்று முதல் மாதம் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

வழி கடலிலேயே இருந்தது. தண்ணீர் உச்சமாக ஏறி இறங்குவது அமாவாசை அன்றல்ல, அதற்கு ஓரிரு நாள் கழித்து. அமாவாசைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆற்றில் ஓட்டம் இருக்கும், அடுக்களையிலும் தடை இருக்காது. முதல் நாள் விட்டதற்கும் சேர்த்து வாங்குவார்கள். அந்த இரண்டு நாளை விடாதீர்கள். அமாவாசை அன்றே விற்க வேண்டுமென்றால் பிரியாணிக் கடைகளையும், விரத நாள் பார்க்காத வீடுகளையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் மீன் தொடாத நாட்களை எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு மாமியின் வாசலில் "மீன் வேணுமா?" என்று கேட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டாம்.

3. கரையில் யாரிடம் வாங்குவது

படகு வந்ததும் நேரே படகுக்காரரிடம் போய் "அண்ணே, எனக்கு ஒரு பத்துக் கிலோ" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பல படகுகளுக்கு வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரிகள் முன்பணம் கொடுத்திருப்பார்கள். அந்த மீன் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். மீதி ஏலத்துக்கு வரும். ஏலம் ஊரின் கட்டுப்பாட்டில் நடப்பது. யார் எங்கே உட்கார்வது, யார் கூவுவது, எவ்வளவு கமிஷன் என்பதற்கெல்லாம் பேசி வைத்த முறை இருக்கிறது. அதை எதிர்த்து வெளியாள் ஒருவர் அங்கே தொழில் செய்ய முடியாது. செய்யவும் கூடாது என்பது என் கருத்து.

ஏலத்தில் மீன் கிலோ கணக்கில் பேசப்படாது. கூடையோ கூறோ குவித்துப் போட்டு விலை ஏற்றுவார்கள். பார்த்த மாத்திரத்தில் எடையை மதிக்கத் தெரியாதவர் ஏலத்தில் கையைத் தூக்குவது, முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும்போது படகை விடுவது போலத்தான். நான் இரண்டாம் வாரத்திலேயே தூக்கினேன். பதினான்கு கிலோ இருக்கும் என்று எடுத்த கூடை வீட்டில் பத்தரை நின்றது. அடியில் ஐஸும் தண்ணீரும்.

ஆறு மாதத்துக்காவது ஓர் அக்கா வழியாக வாங்குங்கள். ஏலத்தில் எடுத்துச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் பெண்கள் எல்லாக் குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர் எடுக்கும் கூடையில் உங்களுக்கு ஒரு பங்கு. ஏல விலைக்கு மேல் அவருக்கு நூறோ நூற்றைம்பதோ. எனக்குக் காலண்டர் பாடம் சொன்ன அதே அக்காவிடம்தான் நான் சேர்ந்தேன். அந்த நூறு ரூபாயில் செவுள் பார்க்கவும், சேற்று நண்டை உயிரோடு கட்டவும், எந்தக் கூடையை விட்டுவிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். இன்னொன்று: கூடை தூக்கிப் போகும் ஆயாக்கள் நடக்கும் தெருக்களை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து அவர்கள் வாடிக்கையை இழுத்தால் மறுநாளே கரைக்குச் சேதி வந்துவிடும். உங்களுக்கு மீன் கிடைக்காது.

பணம் கையில்தான். யு.பி.ஐ. சிலர் வாங்குகிறார்கள், ஏலத்தில் நோட்டுதான் பேசும். நூறும் இருநூறுமாக மாற்றி எடுத்துப் போங்கள்.

4. ஆத்து மீன், கடல் மீன்: பொய் சொல்லாதீர்கள்

நான் தொடங்கியது மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் ஆற்றில் பரவிய 2023 டிசம்பருக்கு இரண்டு மாதம் கழித்து. முதல் கேள்வியே "எண்ணெய் மீனா?" என்பதுதான். இன்றும் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்திருப்பது ஊரறிந்தது. அதில் மீனவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. நட்டம் முழுதும் அவர்களுக்குத்தான்.

நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு: முகத்துவாரத்தில் இறங்கினாலும் கடலில் பிடித்த மீனை மட்டும் எடுப்பேன். சங்கரா, காணாங்கத்தை, நெத்திலி, கவளை, பாறை, சீலா. ஆற்றில் வளரும் மடவை, எறா, பச்சை நண்டு எண்ணூரில் எடுப்பதில்லை. மேலே சொன்ன எறா உட்பட, அவை வேண்டும் என்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பழவேற்காடு போய் எடுத்து வருகிறேன். அதையும் சொல்லியே விற்கிறேன். பழவேற்காட்டிலும் இதே தண்ணீர்க் கணக்குதான், இதே வாய் அடைப்புதான். வாட்ஸ்அப் செய்தியில் மீன் பெயர், எந்தக் கரை, எத்தனை மணிக்கு இறங்கியது என்று மூன்றையும் போடுவேன். இதனால் வாடிக்கை குறையும் என்று பயந்தேன். குறையவில்லை.

மீன் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக: கண் பிதுங்கிப் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, சதை அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். எறாவின் தலை கறுத்துத் தொங்கினால் வேண்டாம். நண்டின் அடி ஓட்டை அமுக்கிப் பாருங்கள். உள்ளே போனால் அண்மையில் ஓடு மாற்றியது, வேக வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். சினை நண்டைக் கடலிலேயே விட வேண்டியது, வாங்காதீர்கள். ஃபார்மலின், அம்மோனியா கலந்திருக்கிறதா என்று பார்க்க கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள் சோதனைப் பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் ஒரு முறை செய்து காட்டினேன். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

5. காகிதங்கள்

தானே பிடித்து விற்கும் மீனவருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வாங்கி விற்கும் உங்களுக்குப் பொருந்தும். கரையில் "நாங்கள்லாம் எடுத்ததே இல்ல" என்பார்கள். அது அவர்களுக்கு உண்மை, உங்களுக்கு அல்ல.

உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம். நான் எடுத்த 2024-ல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குப் பதிவு போதும், உரிமம் வேண்டாம். அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்தாண்டுக்குச் சேர்த்து 500 கட்டினேன். தேவைப்பட்டவை: புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று. வாடகை வீட்டில் இருப்பதால் வாடகை ஒப்பந்தமும் கேட்டார்கள். ஆதாரில் இருக்கும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் ஒப்பந்தத்தில் கதவு எண் பழையது, ஆதாரில் புதியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி மறுபடி போட்டதில் பத்து நாள் போயிற்று. பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். அதைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

இதில் பெரிய பொறி ஒன்று. தேடுபொறியில் தேடினால் மேலே வருவது அரசு தளம் அல்ல. அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். நான் அப்படி ஒன்றில் 2,499 ரூபாய் கட்டினேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் போனில் கூப்பிட்டு இன்னும் ஆயிரத்தைந்நூறு கேட்டபோதுதான் விழித்தேன். பணம் திரும்ப வரவில்லை. இணையதள முகவரி gov.in என்று முடிகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தெரியவில்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

தராசு முத்திரை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை பெற வேண்டும். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வரும் கொக்கித் தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நான் முதலில் வாங்கியது அதுதான். இப்போது அதில் வீட்டுக்குப் பழைய பேப்பர் எடை போடுகிறோம். முத்திரையோடு விற்கும் தராசுக் கடையில் வாங்கினால் அலைச்சல் மிச்சம். சான்றிதழைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், அசலை பைக்கில் வைக்காதீர்கள், மீன் தண்ணீர் பட்டால் ஒரே வாரத்தில் கூழாகிவிடும்.

உத்யம் பதிவு. சிறு, குறுந்தொழில் செய்பவருக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் அட்டையும் போதும். கட்டணம் கிடையாது, ஒரு பைசாகூட. யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக் கடன் கேட்கும்போது இது உதவும்.

மருத்துவச் சான்று. உணவைக் கையாளுபவர் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தருவார்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயமுறுத்துவார்கள். ஐஸில் வைத்த பச்சை மீனுக்கு வரி இல்லை. கடை போட்டால் மாநகராட்சித் தொழில் உரிமம் தனியாக வேண்டும். பைக்கில் வைத்து விற்கும்வரை நான் அதற்குள் போகவில்லை.

மானியம். 2024-ல் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டியோடு கூடிய மோட்டார் சைக்கிளுக்கு அலகுத் தொகை, அதாவது ஒரு வண்டிக்கு அரசு கணக்கிட்ட விலை, 75,000 ரூபாயாக இருந்தது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, அதாவது 30,000. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு, 45,000. விண்ணப்பம் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில். நிதி இருக்கும் ஆண்டில்தான் வாங்குவார்கள். ஆகவே முதலில் போய் இந்த ஆண்டு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமானது: அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் வண்டி வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிவிட்டுப் போனேன். "மொதல்லயே வந்திருக்கலாமே சார்" என்றார்கள், அவ்வளவுதான். மானியம் நீங்கள் செலவழித்த பிறகு கணக்கில் வருவது. அதை முதலாக வைத்துத் திட்டம் போடக் கூடாது.

இந்த அலைச்சலையெல்லாம் அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஓட்டம் மந்தமாக இருக்கும், கரையில் நீங்கள் இழப்பது குறைவு.

6. எவ்வளவு செலவாகும்

நான் 2024-ல் போட்டது: 70 லிட்டர் ஐஸ் பெட்டி 4,200. முத்திரையோடு தராசு 3,100. அரிவாள்மனை, கத்திகள் 900. பதிவு 500. கையுறை, ஏப்ரன், பைகள் 600. முதல் நாள் மீனுக்கு 4,000. மொத்தம் 13,300. போலித் தளத்தில் விட்டது இதில் சேராது. பைக் ஏற்கெனவே இருந்தது.

ஒரு நாள் கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சங்கரா 12 கிலோ, அக்கா வழியாக 2,640-க்கு எடுத்தேன். கிலோ 320 வீதம் விற்றது பத்தரைக் கிலோ, 3,360 ரூபாய். மீதி ஒன்றரைக் கிலோ வீட்டுக் குழம்புக்கும் பக்கத்து வீட்டுக்கும். ஐஸ் 120, பெட்ரோல் 90, அக்காவுக்கு 100. கையில் நின்றது 410 ரூபாய். ஏழு மணி நேர வேலை. ஞாயிறு இதைப் போல மூன்று மடங்கு வரும். செவ்வாய் சில வாரம் கைப்பணம் போகும். மாதம் முப்பதாயிரம் நிச்சயம் என்று யூடியூபில் சொல்பவரை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், எட்டு மாதம் கடன் வாங்கினேன்.

எடை பற்றி வாடிக்கையாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். முழு மீனாக எடை போட்டுத்தான் விலை, சுத்தம் செய்து தருவது இலவசம் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ எறா உரித்தால் அரைக் கிலோதான் நிற்கும். இது தெரியாத வீட்டில் "அரைக் கிலோவை எங்க வச்ச?" என்று கேட்பார்கள். ஆகவே முழு எறாவை அவர்கள் கண் முன்னால் எடை போட்டுவிட்டு, அதன் பிறகு உரியுங்கள். தலையும் ஓடும் வேண்டுமா என்று கேளுங்கள், சிலர் ரசத்துக்குக் கேட்பார்கள்.

7. ஐஸ்

மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ். பத்துக் கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ. புதியவர் எல்லோரும் இங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள், நானும்தான். வெயில் காலத்தில் ஒரு முறை பாதி ஐஸோடு கிளம்பி மணலி ரவுண்டானாவில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டேன். அன்றைய மீன் முழுக்கக் குப்பைக்குப் போயிற்று.

பார் ஐஸை நன்றாக நொறுக்குங்கள், பெரிய கட்டி மீனைக் கிழிக்கும், இடைவெளி விட்டு நிற்கும். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கு. பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை வேண்டும். உருகிய தண்ணீரில் ஊறிய மீன் வெளுத்துப்போகும். உயிர் நண்டை ஐஸில் புதைக்காதீர்கள், ஈரச் சாக்கு போதும். ஐஸைக் குடிநீரில் உறைய வைக்கும் கூடத்தில் வாங்குங்கள், பில் கேளுங்கள். ஆய்வுக்கு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

8. எந்த மாதத்தில் தொடங்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் போகும். காசிமேட்டில் பெரிய படகு மீன் இல்லாததால் எல்லா வியாபாரிகளும் ஃபைபர் மீனுக்கு வந்து மொய்ப்பார்கள். விலை ஏறும். பழகியவருக்கு அது நல்ல காலம், புதியவருக்குக் கூடையே கிடைக்காது. அந்த இரண்டு மாதத்தில் தொடங்காதீர்கள். கோடையில் ஆற்றில் வரத்து இல்லாமல் முகத்துவாரத்தில் மணல் ஏறி நிற்பதும் இந்தப் பருவத்தில்தான்.

புரட்டாசியில் விலை விழும், வாங்க ஆளும் குறையும். எனக்குப் பிடித்தது அந்த மாதம். குறைந்த முதலில் ஏலம் பார்க்கலாம், தப்பு செய்தாலும் நட்டம் சிறிது, அக்காமாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு போகாது. அடுத்து சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகள். தை பிறந்ததும் வியாபாரம் நிமிரும். புரட்டாசியில் கற்றுக்கொண்டு, மழை மாதங்களில் காகிதம் முடித்து, தையில் முழுதாக இறங்குங்கள்.

9. முதல் வாரம்

ஐந்தே வீடு. அதற்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு வகை மீன். நேரம் சொல்லாதீர்கள், "தண்ணி ஏறினதும் கூப்பிடறேன்" என்று சொல்லிப் பழக்குங்கள். ஆரம்பத்தில் முறைப்பார்கள். இரண்டு மாதத்தில் அவர்களே காலண்டரைப் பார்த்து "இன்னிக்கு லேட்டாத்தான வரும்?" என்று கேட்பார்கள்.

காலை வேலைக்குப் போகும் வீடுகளுக்கு, ஏற்றம் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போகும் நாட்களில், மாலை ஐந்து மணிக்குக் கொடுங்கள். அதற்கு ஐஸ் இன்னும் ஐந்து கிலோ கூடுதலாகப் பிடிக்கும், அந்தச் செலவைக் கணக்கில் எழுதுங்கள். படகு வராத நாளில் வேறு எங்கிருந்தோ நேற்றைய மீனை எடுத்து இதுதான் எண்ணூர் மீன் என்று கொடுக்கத் தோன்றும், அதுவும் ஆர்டர் கொடுத்தவர் வீட்டில் விருந்தாளி வந்திருந்தால். அன்றைக்கு "இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு டீக்கடையில் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்த நாட்களில்தான் எந்தப் படகு யாருக்குக் கட்டுப்பட்டது, எந்த ஏலக்காரர் கூடையைக் குலுக்கிக் காட்டுவார், எவர் காட்ட மாட்டார் என்பதெல்லாம் தெரிந்தது.